பிரோஷரில் 5,000, கதவில் 1,350

"அண்ணா, என் வண்டி 5,000 பவுண்டு இழுக்கும்னு போட்டிருக்கான். நான் பாத்து வெச்சிருக்கிற ட்ரெய்லர் 3,900தான். தாராளமா இழுத்துடும்ல?"

ஏப்ரல் பிறந்தால் போதும், பே ஏரியா நண்பர்களிடமிருந்து இந்தக் கேள்வி வரத் தொடங்கிவிடும். கேட்பவர்களின் வீட்டு நிலவரமும் ஏறக்குறைய ஒன்றுதான். இரண்டு பிள்ளைகள். ஹைலாண்டர், பைலட், டெல்லுரைடு என்று மூன்று வரிசை இருக்கை உள்ள ஒரு நடுத்தர எஸ்யூவி. கோடை விடுமுறைக்கு ஊரிலிருந்து அப்பா அம்மாவோ மாமனார் மாமியாரோ வந்து தங்குவார்கள். வயதானவர்களால் கூடாரத்தில் தரையோடு தரையாகப் படுத்து எழ முடியாது. நடுராத்திரி டார்ச் அடித்துக்கொண்டு கேம்ப்கிரவுண்டின் பொதுக் கழிப்பறைக்கு நடக்கவும் முடியாது. கட்டில், சின்ன அடுப்பு, உள்ளேயே கழிப்பறை உள்ள ஒரு ட்ரெய்லர் இருந்தால் மூன்று தலைமுறையும் சேர்ந்து மலையடிவாரத்தில் நாலு நாள் இருந்துவிட்டு வரலாம். நியாயமான ஆசை. நானும் அந்த ஆசையில்தான் இதற்குள் வந்தேன். இன்றுவரை எங்கள் குடும்பத்துக்கு இதைவிட நல்ல விடுமுறை வேறு அமையவில்லை.

அதனால் 'வேண்டாம்' என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. "டிரைவர் பக்கக் கதவைத் திறந்து, அங்கே ஒட்டியிருக்கிற மஞ்சள் பட்டை ஸ்டிக்கரைப் படிச்சுச் சொல்லு" என்று மட்டும் கேட்பேன். பெரும்பாலும் அதுவரை அவர்கள் அதைப் பார்த்திருக்க மாட்டார்கள். அந்த ஸ்டிக்கரைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

முதலில் அந்த 5,000 எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடுவோம். ஒரு காலத்தில் ஒவ்வொரு கம்பெனியும் தன் வழியில் சோதித்து, தனக்குச் சரி என்று பட்ட எண்ணை பிரோஷரில் போட்டுக்கொண்டது. ஒருவர் எண்ணை இன்னொருவர் எண்ணோடு ஒப்பிடவே வழியில்லை. 2008இல் எஸ்ஏஇ என்ற வாகனப் பொறியாளர் அமைப்பு ஜே2807 என்று ஒரு பொதுத் தரநிலையைக் கொண்டுவந்தது. 2011 மாடல்களில் டொயோட்டா முதலில் அதை ஏற்றது. மற்ற கம்பெனிகள் வந்து சேர மேலும் சில ஆண்டுகள் ஆயின.

அந்தச் சோதனைக்கு அடிப்படையான சாலை அரிசோனாவில் இருக்கிறது. கொலராடோ ஆற்றங்கரையில் உள்ள புல்ஹெட் சிட்டி பக்கமிருந்து மலையேறும் மாநிலச் சாலை 68. ட்ரெய்லர்காரர்கள் அதை டேவிஸ் டேம் கிரேடு என்பார்கள். ஏறக்குறைய 11 மைல் விடாத ஏற்றம். வெயில் குறைந்தது 100 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது நம் கணக்கில் 38 டிகிரி. ஏசி முழு வேகத்தில் ஓட வேண்டும். முழு எடை ட்ரெய்லரைக் கட்டிக்கொண்டு, மணிக்கு 40 மைலுக்குக் கீழே போகாமல், எஞ்சினோ கியர்பாக்ஸோ சூடேறாமல் வண்டி உச்சிக்குப் போய்ச் சேர வேண்டும். கடுமையான சோதனைதான், மறுக்கவில்லை. அதில் தேறிய எஞ்சினை நான் நம்புகிறேன்.

ஆனால் அந்தச் சோதனையில் வண்டிக்குள் இருப்பதாகக் கணக்கில் கொள்வது இரண்டே பேரை. ஆளுக்கு 150 பவுண்டு, அதாவது 68 கிலோ. பின்சீட்டில் பிள்ளைகள் இல்லை. மூன்றாவது வரிசையில் தாத்தா பாட்டி இல்லை. டிக்கியில் ஐஸ் பெட்டியும் இட்லிப் பாத்திரமும் அரிசிப் பையும் இல்லை. பிரோஷரில் இருக்கும் 5,000 அந்த இரண்டு பேருக்கான எண். உங்கள் குடும்பத்துக்கான எண் கதவில் இருக்கிறது.

கதவின் ஸ்டிக்கர் சொல்வது இதுதான்: வண்டிக்குள் ஏறும் ஆட்கள், சாமான்கள் எல்லாம் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது. இதை பேலோடு என்பார்கள். நடுத்தர எஸ்யூவிகளில் 1,200 முதல் 1,600 வரை பார்த்திருக்கிறேன். ஒரே மாடலிலேயே சன்ரூஃப், பெரிய சக்கரம், சொகுசு இருக்கை என்று ஏற ஏற இந்த எண் இறங்கும். அதனால் நண்பனின் வண்டி எண்ணோ, வெப்சைட்டில் போட்டிருக்கும் எண்ணோ உங்களுக்கு உதவாது. உங்கள் கதவில் ஒட்டியிருப்பது மட்டும்தான் உங்களுடையது.

சரி, ட்ரெய்லருக்குத்தான் சொந்தச் சக்கரம் இருக்கிறதே, அதற்கும் வண்டி சுமக்கும் எடைக்கும் என்ன சம்பந்தம்? இங்கேதான் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள்.

மாட்டு வண்டியில் மூட்டை ஏற்றுவதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். இரண்டு சக்கரம், நடுவில் ஓர் அச்சு, முன்னால் நீளும் ஏர்க்கால், அதன் நுனியில் நுகத்தடி. மூட்டைகள் பின்னால் கூடிவிட்டால் பின்பாரம்: நுகத்தடி மேலே தூக்கிக்கொண்டு மாட்டின் கழுத்துக் கயிற்றை இறுக்கும். முன்னால் கூடிவிட்டால் முன்பாரம்: நுகத்தடி கழுத்தை அழுத்தும், மாடு நடக்க முடியாமல் திணறும். வண்டிக்காரர் நுகத்தடியைக் கையால் தூக்கிப் பார்த்து, ஒரு மூட்டையை முன்னே தள்ளி, இன்னொன்றைப் பின்னே இழுத்து, கொஞ்சம் முன்பாரம் இருக்கும்படி நிறுத்துவார். ட்ரெய்லரின் நிலைமையும் அச்சு அசலாக இதுதான். அதன் ஏர்க்கால் நுனி உங்கள் எஸ்யூவியின் பின்புறம் உள்ள ஹிட்ச் உருண்டையின் மேல் உட்கார்ந்து கீழ்நோக்கி அழுத்துகிறது. அந்த அழுத்தம்தான் டங் வெயிட். அமெரிக்காவில் எல்லோரும் கைக்கொள்ளும் அளவு, ட்ரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம். நான் 13ஐ வைத்துக் கணக்குப் போடுவேன்.

அந்த எடையை உங்கள் வண்டி சுமக்கிறது. அதாவது அது பேலோடிலிருந்து கழிகிறது.

கணக்கைப் போட்டே பார்ப்போம். கதவில் 1,350 என்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கணவன் மனைவி இருவரும் 300 பவுண்டு. இரண்டு பிள்ளைகள் 150. தாத்தா பாட்டி 280. ஆட்கள் மட்டும் 730. ஹிட்ச் இரும்புச் சாமான்கள் 80. பெட்டி, சாப்பாடு, ஐஸ் பெட்டி, மடக்கு நாற்காலிகள் எல்லாம் 200. கூட்டினால் 1,010. மீதி இருப்பது 340 பவுண்டு. அதுதான் டங் வெயிட்டுக்குக் கிடைக்கும் இடம். 13 சதவீதம் 340 என்றால் ட்ரெய்லரின் மொத்த எடை சுமார் 2,600. பிரோஷரில் 5,000 போட்ட அதே வண்டி, உங்கள் குடும்பத்தோடு 2,600தான் இழுக்கலாம்.

தாத்தா பாட்டி வராத பயணத்தில் மீதி 620 ஆகிறதே, அப்போது பெரிய ட்ரெய்லர் கட்டலாமா? அங்கே அடுத்த எல்லை வந்து நிற்கும். 5,000 பவுண்டு இழுக்கும் வண்டிகளில் பல, ஹிட்சின் மேல் 500 பவுண்டுக்கு மேல் உட்காரக் கூடாது என்று சொல்கின்றன. 13 சதவீதத்துக்கு அது சுமார் 3,850. இன்னும் சில கம்பெனிகளின் கையேட்டில், ஆட்கள் கூடக் கூட இழுக்கும் எடை குறைந்துகொண்டே வரும்படி அட்டவணையே இருக்கும். ட்ரெய்லர் என்ற தலைப்பில் வரும் அந்தச் சில பக்கங்களை வாங்குவதற்கு முன்பே படித்துவிடுங்கள்.

இனி டீலர் சொல்லும் 3,900க்கு வருவோம். அது பெரும்பாலும் காலி எடை. தொழிற்சாலையிலிருந்து வெளியே வரும்போது உள்ள எடை. அதற்குப் பிறகு பேட்டரி ஏறும், சுமார் 50 பவுண்டு. நிரப்பிய சிறிய புரொப்பேன் சிலிண்டர் ஒன்று 37 பவுண்டு வரும், பல ட்ரெய்லர்களில் இரண்டு இருக்கும். தண்ணீர் ஒரு கேலனுக்கு 8.3 பவுண்டு, 30 கேலன் தொட்டி நிறைந்தால் 250. மெத்தை, போர்வை, பாத்திரம், மளிகை, சைக்கிள், பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான். ஒரு சாதாரணக் குடும்பம் 600, 700 பவுண்டைத் தெரியாமலே ஏற்றிவிடும். காலி எடையை வைத்து "உங்க வண்டி இதை ஈஸியா இழுக்கும் சார்" என்று விற்பவர் நமக்காக எந்தக் கணக்கும் போட்டிருக்க மாட்டார். ட்ரெய்லரின் முன்பக்க இடது ஓரத்தில் ஒட்டியிருக்கும் தகட்டில் ஜிவிடபிள்யூஆர் என்று ஓர் எண் இருக்கும். ஏற்றக்கூடிய உச்ச எடை அது. நான் கணக்குப் போடுவது அந்த எண்ணை வைத்துத்தான். அப்படிப் போட்டால் பின்னால் வருத்தப்பட ஒன்றும் இருக்காது.

இணைப்புச் சாமான்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இவற்றுக்கு நல்ல கடைக்காரர்கள் இருக்கிறார்கள். ஹிட்ச், உருண்டை, ட்ரெய்லரின் வாய் என்று சங்கிலியாக வரும் சாமான்களில் எது மிகக் குறைந்த எடைக்கானதோ அதுதான் உங்கள் எல்லை. வெளியே கடையில் 5,000 பவுண்டு ஹிட்ச் மாட்டிக்கொண்டதால் 3,500 பவுண்டு வண்டி 5,000 ஆகிவிடாது. கம்பெனியே பொருத்தித் தரும் டோ பேக்கேஜில் கூடுதல் குளிர்விப்பும் வயரிங்கும் சேர்ந்து வரும் வண்டிகள் உண்டு. வெறும் இரும்பு மட்டும் மாட்டினால் அவை வராது. பைலட்டில் முன்சக்கர இழுவை மாடல் 3,500, நான்கு சக்கர இழுவை மாடல் 5,000. ஹைலாண்டர் ஹைப்ரிட் 3,500தான். பெயர் ஒன்றாக இருந்தாலும் திறன் ஒன்றல்ல. பாதுகாப்புச் சங்கிலிகளைக் குறுக்காகப் போடுங்கள். ட்ரெய்லர் கழன்றுகொண்டால் அதன் பிரேக்கைத் தானாகப் பிடிக்க வைக்கும் மெல்லிய கம்பிக் கயிறு ஒன்று உண்டு. அதைச் சங்கிலியில் மாட்டாமல் வண்டியில் தனியாக மாட்டுங்கள்.

பிரேக் கண்ட்ரோலர் விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். ட்ரெய்லரின் மின்சார பிரேக்கை உங்கள் பிரேக் பெடலோடு சேர்த்து வேலை செய்ய வைக்கும் சின்னப் பெட்டி அது. பல நடுத்தர எஸ்யூவிகளில் கம்பெனியிலிருந்தே வராது, வாங்கிப் பொருத்த வேண்டும். அதில் கையால் அழுத்தும் ஒரு நெம்புகோல் இருக்கும். அது எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு கை போகும் அளவுக்குப் பழகிக்கொள்ளுங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

பின்பாரமாக ஏற்றிய ட்ரெய்லர், வேகம் கூடும்போது இடமும் வலமுமாக ஆடத் தொடங்கும். பக்கத்தில் ஒரு பெரிய டிரக் கடந்து போகும் காற்று போதும், அல்லது ஓர் இறக்கம் போதும். ஆட்டம் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பெரிதாகி, பின்னால் இருப்பது முன்னால் இருப்பதைத் திருப்பத் தொடங்கும். அந்த நேரத்தில் கால் தானாக பிரேக்குக்குப் போகும். போகக் கூடாது. வண்டி பிரேக் பிடித்தால் பின்னாலிருக்கும் எடை இன்னும் தள்ளும். ஸ்டியரிங்கை வெட்டி ஆட்டத்தை அடக்கப் பார்ப்பதும் ஆபத்து. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள், ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள், கண்ட்ரோலரின் நெம்புகோலை மட்டும் கையால் அழுத்துங்கள். ட்ரெய்லர் பிரேக் பிடிக்கும்போது அது பின்னோக்கி இழுக்கப்பட்டு நேராகும். இதை ஓட்டுபவர் மட்டுமல்ல, பக்கத்தில் உட்காருபவரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் என் மனைவிக்கு அந்த நெம்புகோல் என்னைவிட நன்றாகக் கைவரும்.

ஆட்டம் வந்த பிறகு என்ன செய்வது என்பதைவிட, வராமல் பார்த்துக்கொள்வது நம் கையில் அதிகம் இருக்கிறது. கனமான சாமானை அச்சுக்கு மேலேயோ சற்று முன்னேயோ, தரையோடு வையுங்கள். நான்கு சைக்கிளை ட்ரெய்லரின் பின்பம்பரில் கட்டாதீர்கள். தண்ணீர்த் தொட்டி அச்சுக்கு முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள், அது நிறைந்தால் டங் வெயிட்டே மாறிவிடும். யூடியூபில் ஐரோப்பியர்கள் இதைவிடக் குறைந்த முன்பாரத்தோடு இழுப்பதைப் பார்த்துவிட்டு, "அங்க மட்டும் எப்படி?" என்று ஒரு தம்பி கேட்டார். அங்கே ட்ரெய்லரின் வடிவமைப்பும் வேறு, வேகமும் வேறு. ஜெர்மனியில் ட்ரெய்லர் இழுக்கும் காருக்குப் பொதுவான வரம்பு மணிக்கு 80 கிலோமீட்டர். அதைப் பார்த்து இங்கே 70 மைலில் செய்யக் கூடாது.

வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் என்று ஒன்றைப் பற்றியும் கேட்பார்கள். பின்னால் அழுந்தும் எடையில் ஒரு பகுதியை, ஸ்பிரிங் கம்பிகளின் நெம்பு விசையால் முன்சக்கரங்களுக்கும் ட்ரெய்லரின் அச்சுக்கும் பகிர்ந்து தரும் அமைப்பு. வண்டியின் பின்புறம் தொங்கி முன்புறம் தூக்கிக்கொண்டால் ஸ்டியரிங் லேசாகிவிடும், அதை இது சரிசெய்யும். நல்ல சாதனம். ஆனால் அது உங்கள் வண்டியின் எந்த எல்லையையும் தாண்ட அனுமதி தருவதில்லை. சில வண்டிகளின் கையேடு இதைப் பயன்படுத்தவே வேண்டாம் என்கிறது. கையேடு சொல்வதைக் கேளுங்கள்.

ஏற்றத்தைக் கண்டு எல்லோரும் பயப்படுகிறார்கள். எனக்குப் பயம் இறக்கத்தில்தான். நெடுஞ்சாலை 395இல் பிஷப் ஊரைத் தாண்டி மாமத் ஏரிகளை நோக்கிப் போனால் ஷெர்வின் கிரேடு வரும். சுமார் 4,100 அடியில் இருக்கும் பிஷப்பிலிருந்து 7,000 அடி உயர ஷெர்வின் உச்சி வரை ஏறும் சாலை. ஏறும்போது டர்போ இல்லாத எஞ்சின் மூச்சு வாங்கும். ஆயிரம் அடிக்கு ஏறக்குறைய 3 சதவீதம் வலு குறையும் என்பது பொதுக் கணக்கு. எஞ்சின் 4,500 ஆர்பிஎம்மில் அலறுவதைக் கேட்டு வீட்டார் முகம் மாறும். கவலை வேண்டாம், அதற்காகத்தான் அது செய்யப்பட்டது. வலது ஓரத்தில் டிரக்குகளோடு சேர்ந்து மெதுவாகப் போங்கள், சூட்டுமானியில் மட்டும் கண் இருக்கட்டும்.

திரும்பி இறங்கும்போதுதான் கவனம் வேண்டும். இறக்கம் தொடங்கும் முன்பே வேகத்தைக் குறைத்து, கியரை இறக்கிவிடுங்கள். எஞ்சின் பிடித்து நிறுத்தட்டும். பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டே இறங்கினால் சூடேறி ஒரு கட்டத்தில் பெடல் மட்டும் உள்ளே போகும், வண்டி நிற்காது. அழுத்தி வேகத்தைக் குறைத்து, முழுதாக விட்டு, மறுபடி அழுத்துவதுதான் முறை. 395இல் பக்கக் காற்றும் சேர்ந்துகொள்ளும். பலத்த காற்று எச்சரிக்கை இருக்கும் நாளில் பிஷப்பிலேயே இன்னொரு இரவு தங்கிவிடுவோம். ஒரு நாள் வாடகை போனால் போகட்டும்.

கலிஃபோர்னியாவில் சில விதிகள் உண்டு. ட்ரெய்லர் இழுத்தால் எந்த நெடுஞ்சாலையிலும் உச்ச வேகம் 55 மைல். சுற்றிலும் எல்லோரும் 75இல் பறந்தாலும் நமக்கு 55தான். ட்ரெய்லர் டயர்கள் பலவும் 65 மைல் வேகத்துக்கு மட்டுமே ஆனவை என்பதையும் சேர்த்துப் பார்த்தால் இந்த வரம்பு நியாயமாகவே தெரியும். ஓடும் ட்ரெய்லருக்குள் யாரும் உட்காரக் கூடாது. "பாட்டி உள்ள கட்டில்ல படுத்துக்கட்டுமே" என்று யாராவது சொன்னால் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். அங்கே சீட் பெல்ட் இல்லை, ஏர்பேக் இல்லை, சட்டமும் விடாது. பெட்ரோல் ஏறக்குறைய இரட்டிப்பாகும். அதையும் பட்ஜெட்டில் எழுதிவிடுங்கள்.

பின்னோக்கி எடுப்பது எல்லோரையும் மிரட்டும் விஷயம், ஆனால் ஒரு ஞாயிறு காலை காலியான பார்க்கிங்கில் பழகினால் வந்துவிடும். ஸ்டியரிங்கின் அடிப்பக்கத்தில் கையை வையுங்கள். ட்ரெய்லர் எந்தப் பக்கம் போக வேண்டுமோ கையை அந்தப் பக்கம் நகர்த்துங்கள். குட்டை ட்ரெய்லர் சட்டென்று மடங்கும், நீளமானது நிதானமாகத் திரும்பும். பின்னால் நிற்பவர் உங்கள் கண்ணாடியில் தெரியும் இடத்தில் நிற்கட்டும்.

அப்படியானால் நடுத்தர எஸ்யூவிக்கு எதுதான் பொருந்தும்? ஆறு பேர் போவதென்றால் என் தீர்ப்பு, மேலே கேன்வாஸ் விரியும் பாப்-அப். எடை குறைவு, ஓடும்போது தாழ்வாக மடங்கிவிடுவதால் காற்றுத் தடையும் குறைவு. இரண்டு பக்கமும் இழுத்து விரியும் கட்டில்களில் எல்லோருக்கும் இடம் கிடைக்கும். நான்கு பேர் என்றால் ஜிவிடபிள்யூஆர் 3,500க்குள் உள்ள ஒற்றை அச்சு ட்ரெய்லர்கள். ஃபைபர்கிளாஸில் முட்டை வடிவில் வரும் ஸ்கேம்ப், காஸிட்டா போன்றவை பழையதாக வாங்கினாலும் விலை அவ்வளவாக இறங்காது, அந்த அளவுக்கு உழைக்கும். முகப்பு உயரமாகவும் சதுரமாகவும் உள்ள 24, 25 அடி ட்ரெய்லரை, எடை எவ்வளவு குறைவு என்று சொன்னாலும், இந்த வகை வண்டியில் கட்டாதீர்கள். நெடுஞ்சாலை வேகத்தில் எஞ்சின் போராடுவது எடையோடு அல்ல, காற்றோடு. பெரியதுதான் வேண்டும் என்றால் பெரிய வண்டி வாங்குங்கள், அல்லது தாத்தா பாட்டி வரும் வாரத்துக்கு மட்டும் கேம்ப்கிரவுண்டிலேயே கேபின் எடுங்கள்.

வாங்கியாகிவிட்டதா? முதல் பயணத்துக்கு முன் டிரக் ஸ்டாப்பில் இருக்கும் கேட் ஸ்கேல் என்ற எடைமேடைக்குப் போய்விடுங்கள். எல்லோரும் உள்ளே உட்கார்ந்து, எல்லாச் சாமானும் ஏற்றி, முன்சக்கரம் ஒரு தட்டு, பின்சக்கரம் அடுத்தது, ட்ரெய்லர் மூன்றாவது என்று நிறுத்தினால் மூன்று எடையும் சீட்டில் வரும். பிறகு ட்ரெய்லரைக் கழற்றி வைத்துவிட்டு வண்டியை மட்டும் இன்னொரு முறை நிறுத்துங்கள். முதல் சீட்டின் முன்சக்கர, பின்சக்கர எடைகளைக் கூட்டி, அதிலிருந்து இரண்டாவது சீட்டில் உள்ள வண்டியின் எடையைக் கழித்தால் ட்ரெய்லர் வண்டிமேல் ஏற்றும் பாரம் தெரிந்துவிடும். இரண்டு முறைக்கும் சேர்த்து ஓர் இரவு கேம்ப்கிரவுண்ட் வாடகைகூட ஆகாது.

இன்னும் வாங்கவில்லை என்றால், டீலரிடம் போகும் முன் உங்கள் கதவு ஸ்டிக்கரையும், நீங்கள் பார்த்து வைத்திருக்கும் ட்ரெய்லரின் தகட்டையும் படமெடுத்து, எத்தனை பேர் போகப் போகிறீர்கள் என்பதோடு எனக்கு அனுப்புங்கள். உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பதில் எழுதுகிறேன்.